பட்டம் இல்லை... பேரேடு இருக்கு!

கல்லூரி முடிக்காதவர்கள் தலைமைப் பொறுப்புக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி? சேலம் – நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

நாமக்கல்லோ, ராசிபுரமோ, சங்ககிரியோ, ஆத்தூரோ... பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். ஆதார் நகல் எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவே, நாற்பதைத் தாண்டிய ஒருவர் தயங்கித் தயங்கி நிற்பார். தட்டச்சு செய்யும் பெண் நிமிராமலேயே கேட்பார்.

“பயோடேட்டாங்களாண்ணா? படிப்பு என்ன போடறது?”

“பன்னெண்டாவது, அம்மிணி.”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல லாரிதான்.”

இருவரும் சிரிப்பார்கள். கணினியில் முன்பே இருக்கும் படிவத்தில் பெயர் மட்டும் மாறும். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், ரத்த வகை, உயரம், பொழுதுபோக்கு என்று வரிசையாக நிரம்பும். ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்று முடியும். கல்யாணத் தரகரிடம் கொடுப்பதற்கும் கம்பெனியில் கொடுப்பதற்கும் ராசி, நட்சத்திரம் மட்டும்தான் வித்தியாசம். பதினெட்டு வருட உழைப்பு? ‘டிரைவர் மற்றும் சூப்பர்வைசர்’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும்.

அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் பத்து வண்டிகளைக் கட்டி மேய்த்திருப்பார். நள்ளிரவில் நாக்பூருக்கு அப்பால் அச்சு முறிந்து நின்ற வண்டிக்கு, இங்கிருந்தே போனில் மெக்கானிக் ஏற்பாடு செய்திருப்பார். கிளீனராக வந்த பையன்களை டிரைவர்களாக்கியிருப்பார். கம்பெனிக்காரர்கள் ‘தலைமைப் பண்பு’ என்று தேடுவது இதைத்தான். ஆனால், அது எதுவும் அந்தத் தாளில் இல்லை. ‘பட்டம் இல்லை’ என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

இவர் தனி ஆள் இல்லை. உயர்கல்வியில் முன்னணியில் நிற்கும் மாநிலம் நம்முடையது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயது வரையிலான பிரிவில் தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. பெருமைதான். ஆனால், அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். முன்னணி மாநிலத்திலேயே கல்லூரிக்குள் போகாதவர்கள் ஏராளம். போய், அரியர் வைத்து நின்றவர்கள் தனிக் கணக்கு. இவர்களில் எத்தனையோ பேர் இன்று பண்ணையிலும் பட்டறையிலும் குடோனிலும் பத்து இருபது பேரை வழிநடத்துகிறார்கள். அடுத்த படிக்கு ஏற ஒரு காகிதம் வேண்டும் என்ற இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஊருக்குள் பெயர் போதும்... ஊரைத் தாண்டினால்?

இந்தச் சமவெளியின் தொழில் வரலாறே பட்டத்தைக் கேட்டு வளர்ந்ததல்ல. நாமக்கல்லின் முட்டை, லாரி பாடி கட்டும் பட்டறை, டேங்கர் லாரி. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடியின் விசைத்தறி. ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசு. எல்லாமே கண் பார்த்துக் கை செய்து வளர்ந்தவை. கிளீனராக ஏறி ஓனராக இறங்கியவர்களின் கதை இங்கே ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

இங்கே ஒருவருடைய தகுதிக்குச் சாட்சி, வாய்வார்த்தைதான். “நம்ம பையனுங்க, நம்பிக் கொடுக்கலாம்” என்று ஒரு முதலாளி சொன்னால் இன்னொரு முதலாளி எடுத்துக்கொள்வார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பத்து வருடம் கண்ணால் பார்த்த கணக்கு இருக்கும்.

ஆனால், வாய்வார்த்தைக்கு எல்லை உண்டு. ஓசூர்த் தொழிற்சாலையின் எச்.ஆர். அதிகாரிக்கோ, பெங்களூரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்கோ, வளைகுடாவில் இருக்கும் உணவுக் கம்பெனிக்கோ உங்கள் முதலாளியைத் தெரியாது. உள்ளூர் நிறுவனங்களிலேயே அடுத்த தலைமுறை வந்துவிட்டது, எம்.பி.ஏ. முடித்த மகனோ மகளோ ‘ரெஸ்யூமை மெயில் பண்ணுங்க’ என்கிறார்கள். கண்ணால் பார்த்தவர் இல்லாத இடத்தில், அவர் பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டிய பொறுப்பு காகிதத்துக்கு வந்துவிடுகிறது.

“காமராஜர் என்ன காலேஜா படிச்சார்?” என்று கேட்டுத் தப்பித்துவிட முடியாது. காமராஜரை ஊர் பார்த்தது, ஓட்டுப் போட்டது. உங்களுக்கு ஓட்டுப் போட வேண்டியவர், உங்களைப் பார்த்தே இராத ஒருவர். ஆகவே நாம் பார்க்க வேண்டிய முன்னுதாரணம் வேறு. அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது.

முப்பது ரூபாய் வேலைக்கு ஒரு விண்ணப்பம்

பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. 1887 டிசம்பர் 22 அன்று அங்கே தன் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர் கணிதமேதை ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். கணிதம் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு, கும்பகோணத்திலும் பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற அன்றைய இடைநிலைத் தேர்வைத் தாண்ட முடியாமல் நின்றவர். இன்றைய பாஷையில் சொன்னால், அரியர்காரர்.

1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தைப் பாருங்கள். சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்துச் சூழ்நிலையால் தொடர முடியாமல் போனதையும் மறைக்காமல் சொல்கிறார். அதற்காக அழவும் இல்லை. அந்தச் சேதியை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார். அடுத்து, தன் நேரம் முழுவதையும் கணிதத்துக்குக் கொடுத்துவருவதைச் சொல்கிறார். அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற உறுதியோடு முடிக்கிறார். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிக் கொடுத்த பரிந்துரை. மார்ச் 1 அன்று வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அடுத்த ஆண்டு, 1913 ஜனவரி 16 தேதியிட்டு, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. தான் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. பள்ளிப் படிப்போடு சரி. ஓய்வு நேரமெல்லாம் கணிதம். இவ்வளவுதான் அறிமுகம். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ‘நான் கெட்டிக்காரன்’ என்று எழுதவில்லை. கெட்டிக்காரத்தனத்தையே மடித்து உறையில் போட்டு அனுப்பினார். (வயதை மட்டும் 25-க்குப் பதிலாக ஏறக்குறைய 23 என்று எழுதிவிட்டார். அதைப் பின்பற்ற வேண்டாம்!)

ஹார்டிக்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கும் அவர் எழுதியிருந்தார். அங்கே கதவு திறக்கவில்லை. மூன்றாவது கதவுதான் திறந்தது. 1916-இல் ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜ் பட்டம், 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி. பட்டம் முதலில் வரவில்லை. வேலை முதலில் பேசியது, பட்டம் பின்னால் வந்தது.

நாம் ராமானுஜன்கள் இல்லை. ஆனால், அவர் விண்ணப்பத்தின் அமைப்பை யாரும் பின்பற்றலாம். இல்லாததற்கு ஒரு வரி. இருப்பதற்கு மீதிப் பக்கம். சொல்வதற்குச் சாட்சியாக ஒருவர்.

ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

‘தலைமைப் பண்பு உள்ளவர்’, ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாக வேலை செய்பவர்’. ஜெராக்ஸ் கடைப் படிவங்களில் இவை தவறாமல் இருக்கும். எல்லோரும் எழுதுவதால் யாரும் படிப்பதில்லை. தலைமை என்பது குணத்தின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம். வேலைக்கு எடுப்பவருக்கு அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கை ஐந்து கேள்விகளில் எடுத்துவிடலாம்.

ஆட்கள்: உங்கள் சொல்லைக் கேட்டு வேலை செய்தவர்கள் எத்தனை பேர்?

அளவு: எவ்வளவு சரக்கு, எத்தனை வண்டி, எத்தனை தறி, எவ்வளவு பணம் உங்கள் பொறுப்பில் இருந்தது?

அதிகாரம்: முதலாளியைக் கேட்காமல் நீங்களே எடுக்கக்கூடிய முடிவுகள் எவை?

ஆபத்து: என்ன கெட்டுப்போனது? அதை எப்படிச் சரிசெய்தீர்கள்?

ஆளாக்கியது: உங்களிடம் தொழில் கற்று மேலே போனவர்கள் எத்தனை பேர்?

இந்த ஐந்துக்கும் பதில் எழுத முடிந்தவர், பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும் தலைவர்தான். மூன்றாவது கேள்வியை மட்டும் பலர் விட்டுவிடுவார்கள். பத்தாயிரம் ரூபாய் வரை உதிரிபாகம் வாங்க முதலாளி உங்களிடம் விட்டிருந்தாரா? ஆளை வேலைக்கு எடுக்கவும் நிறுத்தவும் உங்கள் சொல் போதுமா? நிர்வாகப் பொறுப்புக்கு ஆள் தேடுபவர் முதலில் தேடுவது இதைத்தான்.

பதிலுக்கான எண்களுக்கு எங்கே போவது? வேறு எங்கும் போக வேண்டாம். நம் தொழில்கள் எல்லாமே கணக்கு நோட்டில்தான் ஓடுகின்றன.

பண்ணைப் பதிவேடு முதல் ட்ரிப் ஷீட் வரை

கோழிப்பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷெட்டுக்கும் தினசரிப் பதிவேடு உண்டு. கோழிகளின் எண்ணிக்கை, இறப்பு, தீவனம், முட்டை, உடைசல். பத்தாயிரம் கோழி ஒன்பதாயிரம் முட்டையிட்டால் உற்பத்தி 90 சதவீதம். 50,000 கோழிகள் உள்ள பண்ணையில் அந்தச் சதவீதம் ஒன்றே ஒன்று கூடினால் நாளுக்கு 500 முட்டை. அதே நிலை நீடித்தால் ஆண்டுக்கு 1,82,500. சித்திரை வெயிலில் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், வெப்பம் தாங்காமல் சாகும். தீவன நேரத்தை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றுவது, கூரையில் தண்ணீர் தெளிப்பது, பனிபோல் நீர் தெளிக்கும் ஃபாகரை ஓடவிடுவது எல்லாம் மேற்பார்வையாளர் கையில்தான் இருக்கிறது. கோடையில் இறப்பைக் கட்டுப்படுத்தியவர் முதலாளியின் முதலைக் காப்பாற்றியவர். அதைப் பயோடேட்டாவில் யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். (எண்கள் மாதிரிக்காக மட்டும்.)

முதல் விதம்: ‘கோழிப்பண்ணையில் 11 ஆண்டுகள் சூப்பர்வைசர் வேலை. எல்லா வேலையும் தெரியும்.’

இரண்டாவது விதம்: ‘முட்டைக்கோழிப் பண்ணை மேற்பார்வையாளர், 2013–2024. 50,000 கோழிகள், 4 ஷெட், 14 பணியாளர்கள். தீவன இருப்பு, தடுப்பூசி அட்டவணை, முட்டை ஏற்றுமதி லோடு ஆகியவை நேரடிப் பொறுப்பு. தீவன நேரத்தையும் தெளிப்பு முறையையும் மாற்றி, கோடை மாத இறப்பை 500-இலிருந்து 300-ஆகக் குறைத்தது. பயிற்சி கொடுத்த 6 பேரில் 2 பேர் இன்று தனி ஷெட் பொறுப்பாளர்கள்.’

ஆள் அதே ஆள்தான். இரண்டாவது தாளில்தான் அவர் கண்ணுக்குத் தெரிகிறார்.

லாரித் தொழிலில் ட்ரிப் ஷீட்தான் சாட்சி. கிலோமீட்டர், டீசல், டோல், படி, இறக்கிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடிய வண்டியை 4.2-க்குக் கொண்டுவந்தால், மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 119 லிட்டர் டீசல் மிச்சம். பத்து வண்டிக்கு 1,190 லிட்டர். டயர் காற்று, கியர் மாற்றும் பழக்கம், வீணாக எஞ்சினை ஓடவிடாமை என்று பத்து டிரைவர்களைப் பேசிப் பேசியே திருத்தியவரின் சாதனை அது. பொறியியல் பட்டம் பெற்ற ‘ஃப்ளீட் மேனேஜர்’ செய்வதும் அதுதானே?

எரிவாயு டேங்கர் ஓட்டியவர்களுக்கு இன்னொரு வரி உண்டு. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கு மோட்டார் வாகன விதிப்படி தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும். பலர் அதை ‘லைசென்ஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அது பாதுகாப்புப் பயிற்சி. அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்றிருந்த விதியையே மத்திய அரசு 2019-இல் நீக்கிவிட்டது. பள்ளிச் சான்றிதழைவிட ஓட்டும் திறமை முக்கியம் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

தறி மேஸ்திரிக்கு மீட்டர் கணக்கு இருக்கிறது. எத்தனை தறி, எத்தனை ஷிஃப்ட், பாவு அறுந்து தறி நின்ற நேரம் எவ்வளவு, கழிவுத் துணி எவ்வளவு குறைந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி மேனேஜருக்கு அடிக் கணக்கு. ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் ஒரு குழுவை வைத்துக்கொண்டு, விவசாயியிடம் ரேட் பேசி, எத்தனை அடிக்கு கேசிங் பைப் இறக்குவது, எங்கே நிறுத்துவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்து, பணத்தை வசூலித்து ஊர் திரும்புகிறவர் அவர். பேச்சில் பழகிய தெலுங்கும் இந்தியும் சேர்த்தால் வெளிமாநிலத் திட்டப்பணிக்கான தகுதி அவ்வளவும் அதில் இருக்கிறது. ‘போர்வெல் வேலை’ என்று எழுதினால் யாருக்குத் தெரியும்?

அக்கா, உங்களுக்கும்தான்

“நான் வீட்டுலதாங்க இருக்கேன்” என்று சொல்லும் பெண்களில் பலர், இந்தப் பக்கத்தில் மிக ஒழுங்காக ஆவணப்படுத்தப்பட்ட தலைவர்கள். மகளிர் சுய உதவிக் குழுத் திட்டத்தைத் தமிழக அரசு 1989-இல் தர்மபுரியில் தொடங்கியது. 1991-92-இல் அது அன்றைய சேலம் மாவட்டத்துக்கு விரிந்தது. நாமக்கல் அப்போது சேலத்துக்குள்தான் இருந்தது. 30 ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சமவெளிப் பெண்கள் குழு நடத்திய அனுபவம் பெற்றவர்கள்.

குழுவின் ஊக்குநர் என்ன செய்கிறார்? பன்னிரண்டு முதல் இருபது பேரைக் கூட்டி உட்கார வைக்கிறார். தீர்மானப் புத்தகம் எழுதுகிறார். ரொக்கப் புத்தகமும் கடன் பேரேடும் பார்க்கிறார். வங்கி மேலாளரிடம் கடன் பேசுகிறார். தவணை கட்டாத உறுப்பினரிடம், உறவும் முறியாமல் பணமும் நிற்காமல் பேசி வாங்குகிறார். தணிக்கைக்குக் கணக்குக் காட்டுகிறார். இதில் எந்த வேலைக்கு அலுவலகத்தில் ‘டீம் லீடர்’ என்ற பெயர் இல்லை?

‘சுய உதவிக் குழு ஊக்குநர், 2015 முதல், 16 உறுப்பினர்கள், வங்கிக் கடன் மூன்று சுற்று, மூன்றும் தவணை தவறாமல் முடிந்தது’ என்று ஒருவர் எழுதினால், மருத்துவமனை வரவேற்பிலும் பள்ளி விடுதியிலும் ஆயத்த ஆடை நிறுவனத்திலும் மேற்பார்வைப் பொறுப்புக்கு அது நேரடித் தகுதி. சம்பளம் வாங்காமல் செய்ததால் அது அனுபவம் இல்லை என்று ஆகிவிடாது. ஊராட்சி வார்டு உறுப்பினர், பள்ளி மேலாண்மைக் குழு, கோயில் திருவிழா நன்கொடைக் கணக்கு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். ஒரே நிபந்தனை: எண்ணிக்கையும் ஆண்டும் வேண்டும்.

தாளில் எது எங்கே?

முதலில் தமிழில், உங்கள் வாயால் சொல்வது போலவே எழுதுங்கள். ஆங்கிலம் தேவை என்றால் பிறகு யாரையாவது மாற்றித் தரச் சொல்லலாம். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் படிவத்தின் வார்த்தைகள்தான் வரும். உங்கள் கதை வராது.

பெயர், ஊர், கைபேசி எண், மின்னஞ்சல். அவ்வளவுதான் தலைப்பு. ரத்த வகை, மதம், அப்பாவின் தொழில் எதுவும் வேண்டாம். அடுத்து, மூன்று வரியில் நீங்கள் யார் என்ற சுருக்கம்: எத்தனை ஆண்டு, எந்தத் தொழில், எத்தனை பேரை நடத்தியவர். பிறகு அனுபவம், கடைசியாகப் பார்த்த வேலையில் தொடங்கி. ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து கேள்விகளின் பதில்கள். அதன் பிறகு பயிற்சி, உரிமம், தெரிந்த மொழிகள், தெரிந்த மென்பொருள். டேலியில் பில் போடத் தெரியும், ஈ-வே பில் எடுக்கத் தெரியும் என்பதெல்லாம் இன்று பெரிய விஷயம்.

படிப்பு கடைசியில். அங்கே உள்ளதை உள்ளபடி. ‘பன்னிரண்டாம் வகுப்பு, 2004.’ பாதியில் நின்றிருந்தால், ‘பி.காம். இரண்டு ஆண்டு படித்தது, முடிக்கவில்லை.’ காரணம் எழுத வேண்டாம். குடும்பச் சூழ்நிலையை நேர்காணலில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

பதவிப் பெயரை ஊதிப் பெருக்காதீர்கள். மேஸ்திரி ‘ஜெனரல் மேனேஜர்’ ஆக வேண்டாம். ‘தறிக்கூட மேற்பார்வையாளர் (மேஸ்திரி)’ என்றால் போதும். இரண்டு தரப்புக்கும் புரியும். பெரிய நிறுவனங்களில் முதல் சல்லடை கணினிதான். வேலை விளம்பரத்தில் உள்ள சொற்கள் உங்கள் தாளில் இருக்கின்றனவா என்று அது தேடும். ஆகவே கட்டம், அலங்காரம், வண்ணம் எல்லாம் தவிர்த்து, விளம்பரத்தின் சொற்களில் உங்களுக்கு உண்மையாகவே பொருந்துவதை மட்டும் அப்படியே பயன்படுத்துங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

பெட்டிச் செய்தி: சாட்சி சொல்லும் காகிதங்கள்

பி.எஃப். பணி வரலாறு: எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது யு.ஏ.என். கணக்கில் இருக்கும். அனுபவச் சான்று கிடைக்காதவர்களுக்கு இதுவே கைகொடுக்கும்.

தனித்தேர்வராக ஐ.டி.ஐ. தொழிற்தேர்வு: தொழிலில் அனுபவம் உள்ளவர்கள், ஐ.டி.ஐ.யில் சேர்ந்து படிக்காமலே அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் அறிவிப்பைக் கவனியுங்கள்.

முன் அனுபவத்துக்கான சான்று: ஏற்கெனவே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று வழங்கும் முறை மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது.

கொதிகலன் இயக்குநர் சான்று: ஜவ்வரிசி ஆலை, சைசிங் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொதிகலன் துறை நடத்தும் தேர்வு.

மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு: ஏட்டுப் படிப்பை அல்லாமல் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது.

குறுகிய காலப் பயிற்சி: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் போன்றவை நடத்துபவை. ஒருநாள் பயிற்சிச் சான்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

திறக்காத கதவுகளும் உண்டு

சட்டம் பட்டத்தைக் கேட்கும் இடத்தில் எந்த ரெஸ்யூமும் உதவாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும்; குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். பட்டம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழி தருகின்றன. ஆனால், பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளை முறையாக முடித்துவிட்டுப் பெறும் பட்டத்தைத்தான் தமிழக அரசுப் பணி ஏற்கும். சேரும் முன் இதைக் கவனத்தில் வையுங்கள்.

குறுக்கு வழி காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். போலிச் சான்றிதழைக் கொடுப்பது ஏமாற்றுதலும் மோசடியும் ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலையில் சேர்ந்த பிறகும் சரிபார்ப்பு நடக்கும். பதினெட்டு வருடத்தில் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

உலகம் எந்தப் பக்கம் போகிறது? அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலம் 2022-இல் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்குப் பட்டம் தேவையில்லை என்று அறிவித்தது. 2023-இல் பென்சில்வேனியாவும் பெரும்பாலான அரசுப் பணிகளில் அதையே செய்தது. பல பெரிய கம்பெனிகளும் அறிவித்தன. ஆனால், ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அறிவிப்புகளால் உண்மையில் பலன் பெற்றது 700 பணி நியமனங்களில் ஒன்றுக்கும் குறைவு என்றது. கதவில் மாட்டியிருந்த ‘பட்டம் தேவை’ பலகையைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கண் மாறவில்லை.

நம் ஊரில் மாறிய கண்ணுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஜோஹோ நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் கற்றுத்தரும் பள்ளியை ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நடத்துகிறது. அங்கே படித்தவர்கள் அந்த நிறுவனத்திலேயே பொறியாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நிறுவனம் நினைத்தால் முடியும் என்பதற்கு அது போதும்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக, இந்தக் கட்டுரை மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் வருகிறது. நாமக்கல், சேலம் தொழிலதிபர்களே, உங்களில் பலரோ உங்கள் அப்பாக்களோ இந்த நாற்காலிக்குப் பட்டத்தால் வந்தவர்கள் இல்லை. யாரோ ஒருவர் நம்பி ஒரு வண்டியை, ஒரு ஷெட்டை, நான்கு தறிகளை ஒப்படைத்ததால் வந்தவர்கள். உங்களிடம் பத்து வருடம் உழைத்தவர் விலகும்போது, “சான்று எதுக்குங்க, என் நம்பரைக் குடுங்க, நான் சொல்லிக்கறேன்” என்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால், உங்கள் நம்பருக்கு அந்த எச்.ஆர். அதிகாரி போன் போட மாட்டார்.

எழுதிக் கொடுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எத்தனை பேரை நடத்தினார், எதற்குப் பொறுப்பு, எப்படிப்பட்டவர். நான்கு வரி போதும். கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் சரி. ராமானுஜனின் விண்ணப்பத்தோடு போன மிடில்மாஸ்ட் பரிந்துரையும் சில வரிகள்தான்.

உழைத்தவர்களே, நீங்கள் இன்று இரவு பழைய டைரியையும் ட்ரிப் ஷீட் கட்டையும் பேரேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் ரெஸ்யூமில் முக்கால்வாசி அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மீதிக் கால்வாசியை உங்கள் முதலாளியின் லெட்டர்பேடில் கேட்டு வாங்குங்கள்.